பெயர் தெரியாத பழைய சக்கரம் எந்தக் காருக்குச் சொந்தம்?

அங் மோ கியோவில் என் நண்பனின் அம்மா வீடு மாறியபோது சாமான் தூக்கப் போயிருந்தேன். ஸ்டோர்ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால், பழைய தமிழ் முரசில் சுற்றி வைத்த இரும்புச் சக்கரம் ஒன்று கிடந்தது. டயர் இல்லை. பெயின்ட் உரிந்து, கை வைத்தால் துரு ஒட்டியது. "தம்பி, அவர் மூணு வீடு மாறியும் இதைத் தூக்கிப் போடலை. எந்தக் காரோடதுன்னு கேட்டு வச்சுக்காம விட்டுட்டேன். உன்னால சொல்ல முடியுமா?" என்றார் ஆன்ட்டி. நண்பனின் அப்பா இறந்து பல வருடம் ஆகிறது.

சொல்ல முடியும். ஒரு ஸ்கேல், ஒரு டேப், மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கும் ஒரு வெர்னியர் கருவி, அரைமணி நேரப் பொறுமை இருந்தால் யாராலும் முடியும். அந்தச் சக்கரத்தையே உதாரணமாக வைத்து விளக்குகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "இது எந்தக் காரின் சக்கரம்?" என்பது ஒரு கேள்வி. "இது எந்தெந்தக் காரில் பொருந்தும்?" என்பது வேறு கேள்வி. முதலாவது பிறந்த வீட்டைத் தேடுவது, இரண்டாவது வாழப்போகும் வீட்டைத் தேடுவது. ஒரே அளவில் போல்ட் துளை வைத்த கார்கள் பல உண்டு. துளை ஒத்துப்போனதாலேயே சக்கரம் அந்தக் காருக்கு உரியது ஆகிவிடாது. பழைய சக்கரங்களை விற்பவர்களும் வாங்குபவர்களும் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு சிரமம் உண்டு. 1990 மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் வந்த பிறகு கார்களின் ஆயுள் பத்து ஆண்டுக் கணக்கில் ஓட ஆரம்பித்தது. கார் போனதும் அதன் உதிரிப்பாகமும் போய்விடும். சக்கரத்தைப் பக்கத்தில் உருட்டிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க பழைய கார் எளிதில் கிடைக்காது. மிச்சமிருப்பவற்றில் பல, குறைந்தது 35 வயதான கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலைக்கு வருகின்றன. இப்படிப்பட்ட சாமான்கள் சிதறிக் கிடந்த சுங்கை ரோடு சந்தையையும் 2017 ஜூலை 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். அதனால் நாமே அளந்து பார்த்து ஒரு முடிவுக்கு வருவதுதான் வழி.

சரி, வேலையைத் தொடங்குவோம். சக்கரத்தைக் கழுவுங்கள். சோப்புப் பொடி, பழைய டூத் பிரஷ், தண்ணீர் போதும். மணல் காகிதமும் கிரைண்டரும் இப்போது வேண்டாம். சக்கரத்தின் முகத்திலோ உட்பக்கத்திலோ, போல்ட் துளைகளுக்கு அருகிலோ, காற்று வால்வின் துளைக்கு அருகிலோ எழுத்துகள் குத்தியிருப்பார்கள். அவசரமாகத் தேய்த்தால் துருவோடு சேர்ந்து அதுவும் போய்விடும். கல்வெட்டு படிப்பவர்கள் மங்கிய எழுத்தின்மேல் வெள்ளை மாவைத் தடவுவார்கள் இல்லையா, அதே வித்தை இங்கேயும் பலிக்கும். சக்கரம் நன்றாகக் காய்ந்ததும் தேக்காவில் வாங்கிய கோலமாவை எடுத்துத் தடவி, மேலாக ஒரு துணியால் துடையுங்கள். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து எழும்பி நிற்கும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கிடைக்கும் எழுத்து பல மாதிரி இருக்கும். ஜெர்மன் சக்கரம் என்றால் "5½ ஜே × 14 எச்2 இ.டி. 30" என்பது போல முழு ஜாதகமே எழுதியிருக்கும். 5½ என்பது அங்குலத்தில் ரிம்மின் (டயர் ஏறும் வெளிவளையத்தின்) அகலம். ஜே என்பது டயர் உட்காரும் விளிம்பின் வடிவம். 14 என்பது விட்டம். எச்2 என்றால் டயர் வழுக்கி உள்ளே விழாமல் தடுக்கும் மேடு இரண்டு பக்கமும் இருக்கிறது. இ.டி. என்பது ஆஃப்செட், அதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். இது பற்றிப் பின்னால் வருகிறேன். பிரிட்டிஷ் இரும்புச் சக்கரங்கள் இவ்வளவு பேசாது. டன்லப், சான்கி, ரூபரி ஓவன் என்று செய்தவர் பெயரும் சில எண்களும் இருந்தால் பெரிய விஷயம். கவனியுங்கள், அது சக்கரத்தைச் செய்த கம்பெனியின் பெயர்தான், காரின் பெயர் இல்லை. ஒரே கம்பெனி பல கார்களுக்குச் சக்கரம் செய்து கொடுத்தது. மாதமும் வருடமும் போல இரண்டு எண்கள் கிடைத்தால் குறித்துவையுங்கள். கார் எந்த வருடத்துக்குப் பிறகு ஓடியிருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆன்ட்டியின் சக்கரத்தில் எழுத்து கிடைக்கவில்லை. துரு தின்றிருந்தது. அப்புறம் அளவுதான்.

எல்லா அளவிலும் முக்கியமானது போல்ட் வட்டம். சக்கரத்தை ஹப்பில் (காரின் அச்சு முனையில் சக்கரம் மாட்டும் பாகத்தில்) பிடித்து நிறுத்தும் போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் பட்டறையில் பி.சி.டி. என்கிறார்கள். துளை எத்தனை, வட்டம் எவ்வளவு என்று சேர்த்து 4×100, 5×112 என்று சொல்வார்கள். கார்பார்க்கில் நிற்கும் புதுக் காருக்கும் இதே கணக்குதான்.

நான்கோ ஆறோ துளை இருந்தால் எளிது. எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் முடிந்தது. ஆனால் துளையின் நடு எது என்று கண்ணால் மதிப்பிட்டால் இரண்டு மில்லிமீட்டர் எளிதாகத் தவறும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து எதிர்த் துளையின் இடது ஓரம் வரை அளந்துவிடுங்கள். இரண்டு துளைகளும் ஒரே அளவு என்பதால் அந்தத் தூரமும் நடுவுக்கு நடு தூரமும் ஒன்றுதான். ஓரம் கண்ணுக்குத் தெரியும், நடு தெரியாது. பிறகு மற்ற இரண்டு துளைகளையும் அதே மாதிரி அளந்து இரண்டு விடைகளும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஐந்து துளை என்றால் எதிரெதிர் துளை கிடையாது. ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளையை விட்டுவிட்டு அடுத்ததற்கு அளந்து, அதை 1.05ஆல் பெருக்குங்கள். பக்கத்துத் துளைக்கு அளந்தால் 1.70ஆல் பெருக்க வேண்டும். நான் முதல் வழியையே சிபாரிசு செய்வேன். கை ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடையிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் தவறும். இரண்டாவது வழியில் அந்தத் தவறு 1.7 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். மூன்று துளை உள்ள சக்கரம் கிடைத்தால் பக்கத்துத் துளைக்கு அளந்து 1.155ஆல் பெருக்குங்கள். கிடைப்பது 160 என்றால் கையில் இருப்பது சிட்ரோன் 2சிவி வகையின் சக்கரமாகவும், 130 என்றால் ரெனோ 4 வகையின் சக்கரமாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று துளை வைத்த கார்கள் அவ்வளவு குறைவு.

ஏன் ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று கேட்கலாம். நான்கு துளைச் சக்கரங்களில் 95.25, 98, 100, 101.6 என்று நான்கு அளவுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 95.25 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்றவற்றுக்கு. 98 ஃபியட் கார்களுக்கு. 100 பழைய பிஎம்டபிள்யூ 2002க்கும் பின்னால் வந்த எத்தனையோ கார்களுக்கும். 101.6 மினிக்கும் மோரிஸ் மைனருக்கும். டேப்பை வைத்து "சுமாராக நூறு" என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் நான்கு அளவுகளும், அவற்றோடு மூன்று நாட்டுக் கார்களும் உள்ளே வந்துவிடும்.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. எண்ணே ஊரைச் சொல்லும். 101.6 ஏன் இப்படி வாலோடு வருகிறது? அது சரியாக 4 அங்குலம். 95.25 என்பது 3¾ அங்குலம். 114.3 என்பது 4½. 120.65 என்பது 4¾. 165.1 என்பது 6½. மில்லிமீட்டரில் அசிங்கமாகத் தெரியும் எண் அங்குலத்தில் அழகாக உட்கார்ந்தால் அதை வரைந்தவர் கையில் அங்குல ஸ்கேல் இருந்தது என்று அர்த்தம்: பிரிட்டன், அமெரிக்கா, அல்லது 4½ அங்குலத்தை வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான். 98, 112, 120, 130, 205 என்று முழு எண்ணாக வந்தால் ஐரோப்பாவின் மெட்ரிக் ஸ்கேல். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஃபோர்டின் 108 உண்மையில் 4¼ அங்குலம், சுருக்கி 108 என்கிறார்கள். ஆனால் பியூஜோ, ஆடி கார்களிலும் 108 வரும். ஆனாலும் தேடலைப் பாதியாகக் குறைக்க இந்த ஒரு பார்வை போதும்.

இங்கே சிங்கப்பூரின் வரலாறும் உதவிக்கு வரும். 1950, 60களில் நம் சாலைகளில் பிரிட்டிஷ் கார்கள் நிறைந்திருந்தன. புக்கிட் தீமா சாலையில் 1941இல் திறந்த ஃபோர்டு தொழிற்சாலையில் (1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட அதே கட்டடம்) போருக்குப் பிறகு மறுபடியும் கார்களைப் பூட்டிச் சேர்த்தார்கள். 1980இல்தான் அது மூடப்பட்டது. 70களில் டட்சனும் டொயோட்டாவும் பெருகின. ஆகவே இந்த ஊர் ஸ்டோர்ரூமில் கிடைக்கும் நான்கு துளை இரும்புச் சக்கரத்துக்கு முதல் சந்தேகம் மூன்று அளவுகளின் மேல் விழ வேண்டும்: 101.6 என்றால் மினி, மோரிஸ் மைனர் குடும்பம். 108 என்றால் ஃபோர்டு கார்ட்டினா, எஸ்கார்ட் குடும்பம். 114.3 என்றால் டட்சன் 1200, பழைய கொரோலா போன்ற ஜப்பானியக் கார்கள். 110 வந்தால் பழைய மாஸ்டாவை நினையுங்கள்.

ஐந்து துளையில், துளைகள் சக்கரத்தின் ஓரத்துக்கே ஓடிப்போய் நடுவில் பெரிய ஓட்டை இருந்தால் அளக்காமலே சொல்லலாம், அது 5×205. 1960களின் பிற்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில். பின்னால் வந்த பீட்டில்கள் 4×130க்கு மாறின. 1970 வரையிலான ஃபோக்ஸ்வேகன் வேனும் போர்ஷே 356உம் அதே 5×205தான். அங்கே ரிம்மின் அகலமும் குத்திய எண்களும்தான் தீர்ப்புச் சொல்லும். 356இன் சக்கரம் என்று சொல்லி பீட்டில் சக்கரத்தை விற்றால் விலையில் பெரிய வித்தியாசம், ஜாக்கிரதை. 5×112, 14 அங்குலம் என்றால் நம் ஊரில் நிறைய ஓடிய 70களின் மெர்சிடிஸ் நினைவுக்கு வர வேண்டும். 5×165.1, 16 அங்குலம் என்றால் பழைய லேண்ட் ரோவர்.

ஆன்ட்டியின் சக்கரத்துக்கு வருகிறேன். நான்கு துளை. ஓரத்துக்கு ஓரம் இரண்டு முறை அளந்தோம், இரண்டு முறையும் 101½க்குச் சற்று மேலே. நான்கு அங்குலம்தான். பிரிட்டிஷ் கார் என்பது முடிவானது. ஆனால் மினியும் நான்கு அங்குலம், மோரிஸ் மைனரும் நான்கு அங்குலம், எம்ஜி மிட்ஜெட்டும் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டும் நான்கு அங்குலம். அடுத்த அளவு இல்லாமல் நகர முடியாது.

அடுத்த அளவு விட்டம். டயர் இருந்தால் அதன் பக்கத்திலேயே இருக்கும்: 5.20-14 என்ற பழைய முறையிலும் சரி, 165 எஸ்ஆர் 15 என்ற ரேடியல் முறையிலும் சரி, கடைசி எண்தான் ரிம்மின் விட்டம். டயர் இல்லாவிட்டால் எல்லோரும் செய்யும் தவறு ரிம்மின் வெளி உதட்டிலிருந்து உதட்டுக்கு அளப்பது. 14 அங்குலம் என்பது டயரின் விளிம்பு உட்காரும் படியின் விட்டம். உதடு அதற்கு மேலே ஒவ்வொரு பக்கமும் சுமார் 17 மில்லிமீட்டர் எழுந்து நிற்கும். அதனால் வெளியே அளந்ததில் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் கழியுங்கள். எங்கள் அளவு 39 சென்டிமீட்டர். கழித்தால் 35½. அதாவது 14 அங்குலம்.

கழித்த பிறகும் எந்த முழு அங்குலத்திலும் உட்காராமல் 36½, 39, 41½ சென்டிமீட்டர் என்று வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். மிஷ்லின் கம்பெனி 1975இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் ரிம்கள் 365, 390, 415 மில்லிமீட்டர் என்ற தனி அளவில் வந்தன. அவற்றில் சாதாரண டயரை ஏற்றவே கூடாது.

இப்போது ஆன்ட்டியின் சக்கரம் பேசிவிட்டது. மினி 1959இல் 10 அங்குலத்தோடு பிறந்தது, பிற்காலத்தில் 12க்குப் போனது. மிட்ஜெட்டும் ஸ்பிரைட்டும் 13. நான்கு அங்குல வட்டமும் 14 அங்குல விட்டமும் சேர்ந்தது மோரிஸ் மைனர். பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். நம் ஊரிலும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் என்று எத்தனையோ வீடுகளில் அது இருந்தது.

பிறந்த வீடு தெரிந்துவிட்டது. பொருந்தும் வீட்டைத் தேடுகிறவர்களுக்கு இன்னும் மூன்று அளவுகள் மிச்சம்.

ஒன்று நடுத்துளை. ஹப்பின் நடுவில் துருத்தும் வட்டம் இதற்குள் நுழைய வேண்டும். துளை சிறியது என்றால் சக்கரம் ஏறாது. பெரியது என்றால் ஏறும், ஆனால் ஹப்பின்மேல் உட்காரும்படி வடிவமைத்த காரில் அதிர்வு வரும். மெர்சிடிஸும் பழைய ஆடியும் 5×112தான். மெர்சிடிஸின் நடுத்துளை 66½ மில்லிமீட்டர் அளவு, ஆடியினுடையது 57. இதனால் ஆடியின் சக்கரம் மெர்சிடிஸில் ஏறாது.

இரண்டாவது, போல்ட் துளையின் வாய். நட்டு வந்து உட்காரும் இடம் புனல் போலச் சாய்வாக இருக்கலாம், கிண்ணம் போல உருண்டையாக இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ் இரும்புச் சக்கரங்களில் கிண்ண வாய். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் புனல் வாய். விரலை விட்டுத் தடவினாலே தெரியும். கிண்ண வாயில் கூம்பு நட்டைப் போட்டால் இறுக்கியது போலத்தான் தெரியும். ஆனால் அது தொடுவது மெல்லிய ஒரு கோட்டில் மட்டும். ஓடஓடத் தளர்ந்துவிடும். விரைவுச்சாலையில் சக்கரம் கழன்று ஓடுவதற்கு இது போதும். இந்த விஷயத்தில் "பரவாயில்லை, பிடிக்குது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது ஆஃப்செட். சக்கரம் ஹப்பில் ஒட்டும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. சக்கரத்தைப் பழைய துண்டின்மேல் முகம் கீழாகக் கவிழ்த்துங்கள். ரிம்மின் பின் உதட்டின்மேல் ஒரு நேரான கட்டையைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை ஆழத்தை அளங்கள். பிறகு ரிம்மின் மொத்த அகலத்தை உதட்டிலிருந்து உதட்டுக்கு அளந்து பாதியாக்கி, ஆழத்திலிருந்து கழியுங்கள். மொத்த அகலம் 165, பாதி 82½, ஆழம் 112½ என்றால் ஆஃப்செட் 30. (அந்த ரிம்முக்குப் பெயர் 5½ அங்குலம், அதாவது 140 மில்லிமீட்டர். மிச்சம் 25 இரண்டு உதடுகளின் தடிமன்.) ஆஃப்செட் காருக்கு வேண்டியதைவிடக் கூடினால் சக்கரம் உள்ளே போய் சஸ்பென்ஷனில் உரசும். குறைந்தால் வெளியே வந்து மட்கார்டைத் தாண்டும். தாண்டுவதை நிலப் போக்குவரத்து ஆணையமும் அனுமதிப்பதில்லை.

மோரிஸ் மைனரின் சக்கரம் மினியின் போல்ட்டில் அழகாக நுழையும். ஆனால் 10 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்த குழியில் 14 அங்குலம் எங்கே போகும்? முன்பு சொன்ன இரண்டு கேள்விகளின் வித்தியாசம் இதுதான்.

கம்பிச் சக்கரம் கிடைத்தால் மேலே சொன்ன போல்ட் கணக்கு செல்லாது. நடுவில் ஒரே பெரிய துளை, உள்ளே பல் பல்லாக வரிகள், வெளியே ஒற்றை நட்டு. கம்பிகளை எண்ணுங்கள், விட்டத்தை அளங்கள். 60 கம்பி 14 அங்குலம் என்றால் எம்ஜிபி, 72 கம்பி 15 அங்குலம் என்றால் ஜாகுவார் ஈ-டைப் பக்கம் தேடலாம். பற்கள் கத்தி போலக் கூராகத் தேய்ந்திருந்தால் அது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

பழைய அலாய் (லேசான உலோகக் கலவை) சக்கரங்கள் பெரும்பாலும் கடையில் தனியாக வாங்கிப் போட்டவை. அதனால் பிறந்த வீடு என்று ஒன்று இருக்காது, பொருந்தும் வீடுகள் மட்டுமே. ஜேடபிள்யூஎல் என்ற குறி இருந்தால் ஜப்பானின் தரச் சோதனைக்கு உட்பட்டது. 60களின் பந்தயச் சக்கரங்கள் சில, குறிப்பாகப் பழைய மினிலைட், மெக்னீசியத்தில் வார்த்தவை. வழக்கத்தைவிட லேசாக இருந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், மறைவான இடத்தில் பெயின்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மெக்னீசியம். அதைக் கிரைண்டரில் வைக்கவே வைக்காதீர்கள், அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

அடையாளம் தெரிந்த பிறகும் காரில் மாட்டும் முன் துளைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் நீண்டிருந்தால், தளர்ந்த நட்டோடு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். துளைகளுக்கு நடுவே முடி போன்ற கோடு தெரிந்தால் விரிசல். இரண்டும் குப்பைக்குத்தான். டயர் உட்காரும் படி துருவில் குழி விழுந்திருந்தால் காற்று நிற்காது. ரிவெட் அடித்த பழைய ரிம்களுக்கு உள்ளே டியூப் வேண்டும்.

கடையில் கேட்பதென்றால் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஜாலான் புசாரிலோ சின் மிங்கிலோ ஒரு பழைய பட்டறைக்காரரிடம், அல்லது ஜொகூரின் வெட்டுக் கடைகளில் (பழைய கார்களைப் பிரித்துப் பாகம் விற்பவை), "பழைய சக்கரம், ரொம்பப் பழசு" என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "நாலு துளை, நாலு அங்குல வட்டம், பதினாலு அங்குலம், இரும்பு" என்று சொல்லிப் பாருங்கள், உடனே பேச்சு தொடங்கும். முன், பின், துளைகளை நேராகக் காட்டும் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று என்று நான்கு படங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

ஆன்ட்டியிடம் "மோரிஸ் மைனர், ஆன்ட்டி" என்று சொல்லி ஒரு படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க கல்யாணத்துக்கு முன்னாடி அவரோட அப்பா வச்சிருந்தார்னு சொல்வார். சாம்பல் கலர்" என்றார். விற்க வேண்டாம் என்று முடிவானது. ஒரு அட்டையில் 4×101.6, 14 அங்குலம், மோரிஸ் மைனர் என்று எழுதி, வால்வுத் துளையில் கம்பியால் கட்டினோம். துருவுக்கு எண்ணெய் தடவி, புது வீட்டின் ஸ்டோர்ரூமுக்குத்தான் தூக்கிப்போனேன்.